திட்டு வாங்கிய தண்ணீர்

தைனான் நகரத்தில் அந்த மாதம் தண்ணீருக்குக் காது முளைத்தது. மீன் சந்தைக்குப் பின்னாலிருந்த கோயில் கூடத்தில் நிற்க இடமில்லை. "நன்றி, கண்ணே" என்று கொஞ்சினால் தண்ணீர் மருந்தாகுமாம். "முட்டாள்" என்று திட்டினால் நஞ்சாகுமாம். கண்டுபிடித்தவர் ஷியே ஆசான். கொஞ்சிய தண்ணீரைப் புட்டியில் அடைத்து விற்பவரும் அவரே. கட்டிய மனைவியிடம் ஒரு நல்ல வார்த்தை பேசாத ஆண்களெல்லாம் அங்கே வந்து குடத்தைக் கட்டிக்கொண்டு உருகினார்கள்.

சியோக்-பீயின் கணவர் கெங்-ஹோங் அவர்களில் ஒருவர். இரத்த அழுத்த மாத்திரைகளை அவர் குப்பையில் போட்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"இது என்ன வேலை?"

"இனிமே தண்ணியே போதும். ஆய்வுலயே நிரூபிச்சிருக்காங்க."

"எந்த ஆய்வுல?"

"பல ஆய்வுல."

"யாரு பண்ணினது?"

"வல்லுநருங்க."

சியோக்-பீக்குச் சிரிப்பு வந்தது. தேர்தல் பிரசார வண்டிகளில் ஒலிபெருக்கி பிடித்தே தலை நரைத்தவள் அவள். ஒரு வாக்குகூடப் பதிவாகுமுன் "ஊரே தேர்ந்தெடுத்த வேட்பாளர்" என்று முழங்கியிருக்கிறாள். 'வல்லுநர்' என்றால் வேட்பாளரின் மைத்துனர் என்பதும், 'பல ஆய்வு' என்றால் ஒன்றுமே இல்லை என்பதும் அவளுக்குத் தெரியாதா? ஆனால் கணவரின் கையில் கருவியைக் கட்டி அழுத்தம் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. எண் எங்கோ ஏறியிருந்தது.

அடுத்த கூட்டத்துக்கு அவளும் போனாள். ஊரறிந்த குரல் வந்திருக்கிறதென்று ஆசானுக்கு வாயெல்லாம் பல். சுவைத்துக் காட்டும் நிகழ்ச்சியை நானே நடத்துகிறேன் என்று அவள் கேட்டதும், ஒலிவாங்கியைக் கையில் கொடுத்துவிட்டார். திரைக்குப் பின்னால் இரண்டு கண்ணாடிக் குடங்கள் இருந்தன. ஒன்றில் 'நன்றி' என்றும் மற்றதில் 'முட்டாள்' என்றும் சீட்டு ஒட்டியிருந்தது. சியோக்-பீ தட்டுகளில் கோப்பைகளை நிரப்பிக்கொண்டு வந்தாள்.

"வெள்ளைக் கோப்பையில பாராட்டின தண்ணி. நீலக் கோப்பையில திட்டு வாங்கின தண்ணி. மொதல்ல ஆசான் குடிச்சுச் சொல்லட்டும்."

ஆசான் வெள்ளைக் கோப்பையை உறிஞ்சிக் கண்ணை மூடினார். "தேன்." நீலக் கோப்பை உதட்டில் பட்டதுமே துப்பினார். கூட்டமும் குடித்தது. வெள்ளை இனித்தது என்றார்கள். நீலம் நாறியது என்றார்கள்.

"பாகற்காய்ச் சாறு மாதிரி இருக்கு" என்றார் கெங்-ஹோங், முகத்தைச் சுளித்து.

சியோக்-பீ திரையை விலக்கினாள். 'நன்றி'க் குடம் கழுத்துவரை நிறைந்திருந்தது. அதன் மூடியின் முத்திரைகூட உடையவில்லை. 'முட்டாள்' குடம் காலியாகக் கிடந்தது.

"ரெண்டு கோப்பையிலயும் ஒரே தண்ணிதாங்க. உங்க நாக்குல இனிச்சது நான் சொன்ன வார்த்தை."

கூட்டத்திலிருந்த நூடுல்ஸ் கடைக்கார அம்மாள்தான் முதலில் சிரித்தாள். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

"சந்தேகப்படுற கை பட்டா தண்ணி கெட்டுப்போகும்" என்றார் ஆசான்.

"அப்ப நீங்களே ஆளு வெச்சு ஊத்தச் சொல்லுங்க. எது எந்தத் தண்ணின்னு உங்ககிட்ட யாரும் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். குடிச்சுக் கண்டுபிடிங்க."

ஆசானுக்கு அப்போதுதான் காவ்சியுங் ஊருக்குப் போகும் ரயில் ஞாபகம் வந்தது. பின்வாசல் வழியாக ரயிலைவிட வேகமாகப் போனார்.

வீடு திரும்பும் வழியில் கெங்-ஹோங் மருந்துக் கடையில் நின்றார். "நெஜமாவே கசந்துச்சு" என்றார் மெதுவாக.

"எனக்குத் தெரியும். உங்கமேல தப்பில்ல. ஆனா அடுத்த தடவை யாருன்னு, எங்கன்னு, எப்படின்னு கேளுங்க. அப்புறமா வாயத் தெறங்க."

நாக்கை ஏமாற்ற ஒலிபெருக்கி போதும். மூளையை ஏமாற்ற, நாம்தான் அதைக் கழற்றிச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும்.