தீயில்லா இல்லத் திட்டம்

வீடுகளில் தீப்பிடிக்கக் கூடாது என்று மேலிடத்தில் முடிவெடுக்கப்பட்டது. அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதற்கென ‘இல்லத் தீத்தடுப்புச் சிறப்புப் பிரிவு’ என்று ஒரு அலுவலகம் திறந்து, ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும் போட்டார்கள். முதல் உத்தரவு வந்தது: ‘தீயில்லா இல்லம்’ சான்று பெறாத வீட்டுக்கு இனிமேல் கேஸ் சிலிண்டர் கிடையாது.

நாரணாபுரத்தில் முத்துப்பேச்சிக்கு இந்த உத்தரவு பிடித்துத்தான் இருந்தது. பதினாறு வருஷமாகப் பட்டாசு ஆலையில் மருந்து அடைக்கிறவள் அவள். நைலான் சேலை கட்ட மாட்டாள். வேலையறைக்குள் நுழையும் முன்னால், உடம்பில் ஏறிய நிலைமின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டில் கைவைத்துவிட்டுத்தான் போவாள். வீட்டிலும் அதே கணக்குத்தான். படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடுவாள். அடுப்புக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு ஈரச்சாக்கு கிடக்கும். நம்ம வீட்டுக்கு முதல் சான்று கிடைக்கும் என்று புருஷன் சிவபாண்டியிடம் சொல்லி வைத்திருந்தாள்.

ஆய்வாளர் நல்லசிவம் ஒரு திங்கட்கிழமை வந்தார். கையில் நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம்.

“வீட்டில் தீ உண்டா?”

“அடுப்புல உண்டு சார்.”

“‘தீ உள்ள வீடு’ன்னு குறிச்சுக்கிறேன். அதை அகற்றணும்.”

“அகத்திட்டா எப்படி சார் சோறு பொங்குறது?”

“சமையல் வேற துறைம்மா.”

பேசிப் பார்த்ததில், ஆய்வு நடக்கும் நேரத்துக்கு மட்டும் அடுப்பைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தால் போதும் என்று இறங்கி வந்தார். அடுத்து, சிவப்பு வாளி. அதில் முத்துப்பேச்சி மணலை நிரப்பி வைத்திருந்தாள். நல்லசிவம் குனிந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்தார்.

“இது எந்த ஆத்து மணல்? அள்ளுறதுக்கு அனுமதிச் சீட்டு இருக்கா?”

“வீடு கட்டையில மிஞ்சுனது சார்.”

“கொட்டிருங்க. படிவத்துல வாளிதான் கேட்டிருக்கு. மணல் கேக்கல.”

கொட்டினாள். காலி வாளிக்கு ஒரு டிக் விழுந்தது. ஈரச்சாக்கைப் பார்த்து முகம் சுளித்தார். அது எந்தக் கேள்விக்கும் பதில் இல்லையாம். முத்துப்பேச்சி அதைத் தொட்டிக்கடியில் தள்ளினாள்.

கடைசியில் அடுப்படியில் இருந்த கொல்லைக் கதவுக்கு வந்தார்கள். அதில் ‘அவசர வழி’ என்று பலகை மாட்டச் சொன்னார். சிவபாண்டி அச்சகத்தில் வேலை பார்ப்பதால் பலகை மறுநாளே வந்துவிட்டது. நல்லசிவம் திரும்பி வந்து அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டி, கதவைப் பூட்டி, அரக்கு முத்திரை வைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“அவசர வழியை அன்றாடம் புழங்கக் கூடாதும்மா. அவசரத்துக்கு மட்டும்தான்.”

“அவசரம் வந்தா?”

“எழுத்து மூலமாத் தெரியப்படுத்துங்க. மூணு வேலை நாளுக்குள்ள வந்து திறந்து தருவோம்.”

சான்று கிடைத்தது. சிலிண்டரும் வந்தது. தெருவில் மற்ற முப்பத்தொன்பது வீட்டுக்காரர்களும் வந்து அவளிடம் முறை கேட்டுக்கொண்டு, அடுப்பைக் கட்டிலுக்கடியில் தள்ளி, கொல்லைக் கதவுக்கு அரக்கு வாங்கிக்கொண்டார்கள்.

முதலில் தேறிய வீடு என்பதால் முத்துப்பேச்சி வீட்டை ‘மாதிரி இல்லம்’ என்று அறிவித்தார்கள். விழாவுக்கு மேலதிகாரி ராஜபாண்டியன் வந்தார். பத்துக்குப் பதினாறு அடி ஹாலில் இருபத்தைந்து பேர். சுவரை அடைத்து ஃப்ளெக்ஸ். வாசலை அடைத்துச் சோபா. தீத்தடுப்பு விழாவைத் தொடங்கி வைக்கக் குத்துவிளக்கு.

விளக்குக்கு ஐந்து முகம். அதிகாரிகள் ஆறு பேர். ஆறாமவர் முகம் வாடிப்போனதால், அவருக்கென்று ஒரு தட்டில் நாலைந்து கட்டி சூடத்தை வைத்துக் கொடுத்தார்கள். ராஜபாண்டியனுக்கு வேர்த்தது. நல்லசிவம் ஃபேனை முழு வேகத்தில் வைத்தார்.

முத்துப்பேச்சி சுடரைப் பார்த்தாள். அது ஃப்ளெக்ஸ் பக்கமாகச் சாய்ந்து நின்றது.

“சார், ஃபேனை நிப்பாட்டுங்க. ஃப்ளெக்ஸ் பிடிச்சுரும்.”

“நிகழ்ச்சி நிரல்ல உங்க பேச்சு கடைசியிலதாம்மா இருக்கு” என்றார் நல்லசிவம் மெதுவாக.

ராஜபாண்டியன், “தீ என்பது நம் அலட்சியத்தின் பிள்ளை” என்று ஆரம்பித்தபோது ஃப்ளெக்ஸில் இருந்த அவருடைய படம் மீசைப் பக்கமாகப் பற்றிக்கொண்டது. இருபத்தைந்து பேரும் ஒரே நேரத்தில் வாசலுக்குப் பாய்ந்தார்கள். சோபா குறுக்கே மாட்டிக்கொண்டது. கரும்புகை கண்ணை மறைத்தது. புகைக்குள் எங்கேயோ மகள் அனுப்பிரியா இருமுவது முத்துப்பேச்சிக்குக் கேட்டது.

“அனு, குனிஞ்சு அடுப்படிக்கு வா” என்று கத்திக்கொண்டே மெயினை அணைத்தாள். அம்மிக் குழவியைத் தூக்கிக் கொல்லைப் பூட்டில் நாலு போடு போட்டாள். அரக்கு தெறித்தது. மகளை வெளியே தள்ளினாள். பின்னாலேயே அதிகாரிகள் தவழ்ந்து போனார்கள். தொட்டிக்கடியில் கிடந்த சாக்கை உருவி, தண்ணீரில் முக்கி, ஃப்ளெக்ஸை இழுத்துப் போட்டு அமுக்கினாள். தீ அணைந்தது. வலது கை முழங்கை வரை வெந்துபோனது.

மூன்றாம் நாள் நல்லசிவம் ஒரு காகிதத்தோடு வந்தார். அவருக்கும் புருவம் பொசுங்கியிருந்தது.

“இந்த வீட்டில் தீவிபத்து எதுவும் நடக்கலைன்னு ஒரு கையெழுத்து வேணும்மா.”

“நீங்களும் இங்கனதான சார் இருந்தீக.”

“இருந்தேன். ஆனா சான்று பெற்ற வீட்டில் தீப்பிடிக்காது. பிடிச்சதுன்னா சான்று தப்பு. ஒரு சான்று தப்புன்னா நாற்பது சான்றும் தப்பு. தெருவுக்கே சிலிண்டர் நின்னுரும்.”

“அப்ப இந்தக் கரிச்சுவரு?”

“அதை நீங்கதான் விளக்கணும்.”

வாசலில் தெருவே நின்றது. பக்கத்து வீட்டு மணிமுத்து முன்னால் வந்தார். அன்றைக்குச் சோபாவைத் தாண்டி முதலில் குதித்தவர் அவர்தான்.

“போட்ருத்தா. எங்க வீட்ல நாளைக்குப் பொண்ணு பாக்க வாராக. சிலிண்டர் இப்பவோ அப்பவோன்னு நிக்கி.”

அவர் ஏற்கெனவே சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவருக்குக் கீழே இன்னும் முப்பத்தெட்டு பேர்.

உள்ளே அனுப்பிரியா காலையிலிருந்து பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தாள். சிலிண்டர் நேற்றே தீர்ந்துவிட்டது. முத்துப்பேச்சி இடது கையால் கையெழுத்துப் போட்டாள்.

“கைக்கு என்ன ஆச்சு? அதுக்கும் ஒரு கட்டம் இருக்கு” என்றார் நல்லசிவம், அவள் முகத்தைப் பார்க்காமல்.

“சோறு வடிக்கையில கஞ்சி கொட்டிருச்சு சார்.”

எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதம் தெரு முனையில் பலகை வைத்தார்கள்: ‘தீவிபத்தே நிகழாத தெரு’. எல்லோரும் அதற்கு முன்னால் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். அதற்கடுத்த வாரம் மேலிடத்து உத்தரவு வந்தது. தீவிபத்தே நிகழாத பகுதிக்குத் தீயணைப்பு வண்டி தேவையற்ற செலவு என்பதால், அதை வேறு மாவட்டத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

வண்டிக்கு மாலை போட்டு, தெரு வழியாக ஊர்வலமாக அனுப்பினார்கள். நமக்குத்தான் ஏதோ மரியாதை நடக்கிறது என்று தெருவே வாசலுக்கு வந்து கைதட்டியது. முத்துப்பேச்சிக்கு விஷயம் தெரியும். இருந்தாலும் எல்லோரும் தட்டுகிறார்களே என்று, கட்டுப் போட்ட கையில் வலிக்காமல் அவளும் மெள்ளத் தட்டினாள்.