ராஜபார்ட் கரடியின் இரண்டாம் சாவு

ஒரு காட்டில், மரமே இல்லாமல் செம்மணல் மட்டும் பறக்கும் தேரிக்காட்டில், படுதா இழுக்கும் கழுதை தன் வாத்தியாரோடு கடைசியாகப் பேசியது மாலை ஐந்தரை மணிக்கு. வாத்தியார் ஒரு கரடி. கழுதையும் தானுமாக ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனிக்குத் தலைவரும் ராஜபார்ட்டும் அதுவே. மேடைக்குப் பின்னால் தகரக் கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு, வாயில் புகுந்த மணலைத் துப்பிக்கொண்டிருந்தது.

"சுடலை, சாவுப் பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கேப்பாங்க. கேட்டா படுதாவை விட்டுடு. இன்னைக்கு ரெண்டு தடவை விழ என்னால முடியாது."

"சரிங்க வாத்தியாரே," என்றது கழுதை.

ராஜா பாடிக்கொண்டே செத்து விழுவார். பாட்டு பிடித்துவிட்டால் சபை ஒன்ஸ்மோர் கேட்கும். பிணம் எழுந்து, தூசி தட்டி, மறுபடி பாடி, மறுபடி சாகும். யாரும் இதில் குற்றம் கண்டதில்லை. ஓர் ஊரில் கரடி ஐந்து முறை செத்திருக்கிறது. அதைப் பற்றி அதற்குப் பெருமையும் உண்டு.

இந்த ஊரில் அவர்கள் நிற்கவே வேண்டியதில்லை. வண்டிச் சக்கரம் மணலில் புதைந்துவிட்டது. ஊரில் தண்ணீர் கிடையாது, நிழல் கிடையாது, மூன்று ஜன்னல் வைத்த அலுவலகம் மட்டும் இருந்தது. தங்குவதானால் நாடகம் போட வேண்டும் என்றார் ஊர்த்தலைவர் நரி. நாடகம் போடுவதானால் படிவம் எழுத வேண்டும் என்றார் குமாஸ்தா ஓணான். முதல் ஜன்னலில் கொடுத்த சீட்டை இரண்டாவது ஜன்னல் வாங்கி வைத்துக்கொண்டது. மூன்றாவது ஜன்னல் அந்தச் சீட்டைக் கொண்டுவரச் சொன்னது. தான் வரிசையில் நிற்பதாகக் கழுதை சொல்லிப் பார்த்தது. கம்பெனித் தலைவர்தான் நேரில் நிற்க வேண்டுமாம். காலையிலிருந்து உச்சிவெயில் சாயும்வரை கரடி நின்றது. படிவத்தில் ஓணான் எழுதினார்: நாடகம், நாலு மணி முதல் ஆறு மணி வரை.

ஐந்து ஐம்பதுக்கு ராஜா பாடி விழுந்தார். முயல்கள் ஒன்ஸ்மோர் கேட்டன. மயில்கள் நாற்காலியைத் தட்டின. விழுந்தபின் கழுதைக்கு மட்டும் தெரியும்படி வலது கால் விரலை ஆட்டுவது கரடியின் வழக்கம். அன்று விரல் ஆடவில்லை. கழுதை கயிற்றை விட்டது. படுதா பாதி இறங்கும்போது நரி மேடையேறி அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, வாத்தியார் நிசமாவே செத்துட்டாருங்க."

"செத்தாரு, நல்லாவே செத்தாரு. அதனாலதான்வே ஒன்ஸ்மோர் கேக்கோம்?"

ஓணான் கைக்கடிகாரத்தைக் காட்டினார். பத்து நிமிடம் பாக்கி இருந்தது, அது பொதுமக்களுடையது. ஆறு மணிவரை நாடகம் நடக்காவிட்டால் வெளியேறும் சீட்டில் முத்திரை விழாது. வெளியூர்க்காரரைப் புதைப்பதும் வெளியேறுவதில்தான் சேர்த்தி. சீட்டு இல்லாமல் ஊர் மணலில் ஒரு பிடி அள்ள முடியாது. மறுநாள் ஞாயிறு, அலுவலகம் கிடையாது. இதைக் கேட்டதும் பின்வரிசைக் கழுகுகள் எழுந்து முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்தன.

கழுதை கழுகுகளைப் பார்த்தது. பிறகு கரடியை ஓரமாக இழுத்துக் கிடத்தி, கிரீடத்தை எடுத்துத் தன் இரண்டு காதுக்கும் நடுவில் வைத்துக்கொண்டது. பத்தொன்பது வருஷம் கயிற்றுப் பக்கத்தில் நின்று கேட்ட பாட்டு. ஒரு நாளும் மேடையில் வாய் திறந்ததில்லை. தன் குரல் எப்படிப்பட்டது என்று அதற்குத் தெரியும். பாடியது. பாட்டு முழுவதும் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பிறகு விழுந்தது.

முயல்கள் தேம்பின. ஒரு மயில் மயங்கி விழுந்து, யாரும் தூக்காததால் தானே எழுந்துகொண்டது.

"இதுதான்வே சாவு," என்றார் நரி. "முன்னால செத்தவன் கொஞ்சம் அவசரப்பட்டுட்டான்."

'இரண்டாவது சாவு இயற்கையாக இருந்தது' என்று குறிப்புப் பகுதியில் எழுதி ஓணான் முத்திரை குத்தினார். மணி ஆறு. செத்த கழுதை எழுந்து, தானே போய்ப் படுதாவை இறக்கியது. இருட்டுவதற்குள் வாத்தியாரைப் புதைத்து, சக்கரத்தையும் மணலிலிருந்து தோண்டி எடுத்து, தனியாக வண்டியை இழுத்துக்கொண்டு ஊரைத் தாண்டியது.

அடுத்த மாதம் நரி மேடை இருந்த இடத்தில் ஒரு பலகை நட்டார்: 'நடிகர் திலகம் கழுதையார் உயிர்நீத்த இடம்.' கரடியின் பெயர் அதில் இல்லை. தகரக் கிரீடம் கழுதையிடம் இருக்கிறது. அதன் உள்விளிம்பில் நாலைந்து கரடி மயிர் ஒட்டியிருக்கிறது.

நீதி: சாவதானால் அனுமதித்த நேரம் முடியும்போது சாகவும். முன்கூட்டிச் செத்தால், மிச்ச நேரத்துக்கு வேறொருவர் சாக வேண்டிவரும். பெயரும் அவருக்கே போய்விடும்.