ஏழு வரிசைச் சுவர்

இந்த வீட்டில் என் கையால் ஒரு சுவர் எழும்பும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கிய கையோடு அறிவித்தேன்.

எங்கள் கொல்லைப்புறம் சரிவு. மழை பெய்தால் மேட்டு மண் இறங்கி வந்து சமையலறை வாசலில் உட்கார்ந்துகொள்ளும். போன மழைக்கு அடுப்படி வரை வந்துவிட்டது. என் மனைவி அதைக் கூடையில் அள்ளிக் கொட்டிவிட்டு, "தம்பியை வரச் சொல்லட்டுமா?" என்றாள்.

அவள் தம்பி கொத்தனார். நல்ல கொத்தனார். அதுதான் பிரச்சினை. அவன் கட்டினால் என் ஆயுள் முழுவதும் அது 'என் தம்பி கட்டின சுவர்'. ஏற்கெனவே தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பெயர். மாடிப்படிக்கும் அதே பெயர். எனக்கென்று இந்த வீட்டில் இருப்பது ஒரு நாற்காலி. அவன் வந்தால் அதில்தான் உட்காருவான்.

"உங்களுக்குச் சுவர் கட்டத் தெரியுமாங்க?"

"கல்லு மேல கல்லு. இதுல தெரியறதுக்கு என்ன இருக்கு?"

"பின்னாடி தேங்கற தண்ணி எங்க போகும்?"

"என் சுவரைப் பாத்ததும் பயந்து திரும்பிப் போயிடும்."

அவள் சிரிக்கவில்லை. "சரி, நீங்க கல்லை அடுக்குங்க. பின்னாடி மண்ணு போடறதை நான் பாத்துக்கறேன்" என்றாள். இத்தனை பணிவைக் கல்யாணமான புதிதில்கூட நான் பார்த்ததில்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

சாந்து பூசாமல் அடுக்கும் சிமெண்டுக் கல் வந்து இறங்கியது. தினம் காலையில் ஒரு வரிசை, பிறகு ஆபீஸ். நூலைப் பிடித்து, தூக்குக் குண்டைப் பிடித்து, கடைசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஞாயிறு நீங்கலாக ஏழு நாளில் ஏழு வரிசை முடித்தேன்.

எண்ணிப் பார்த்தால் ஆறுதான் இருந்தது. ஆபீஸில் சரக்கு எண்ணுவது என் வேலை. இருபது வருடமாக எண்ணுகிறேன்.

"ஒரு வரிசை குறையுதே?"

"வெயில்ல நின்னு எண்ணாதீங்க."

செங்குத்தாக வைத்த சுவர் மேட்டுப் பக்கம் லேசாகச் சாய்ந்தும் தெரிந்தது. மூக்குக்கண்ணாடியை மாற்றினேன்.

அடுத்த வாரம் மூன்று நாள் விடாத மழை. பக்கத்து வீட்டுச் சுவர் வாய் பிளந்து விழுந்தது. என் சுவர் அசையவில்லை. சமையலறை வாசலில் ஒரு பிடி மண் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் குடையோடு வந்தார்.

"சார், இது யாரு கட்டினது?"

"நான்தான்."

"எனக்கும் ஒண்ணு கட்டித் தருவீங்களா?"

"அதுக்கென்ன! திங்கக்கிழமையே ஆரம்பிச்சிடுவோம்."

அவர் போனதும் சுவரைத் தடவிக் கொடுக்கக் குனிந்தேன். அடியில், கற்களுக்கு நடுவே ஒரு குழாய். அதிலிருந்து தெளிந்த தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நான் எந்தக் குழாயும் வைக்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டேன்.

"இது யாரு வெச்சது?"

"தம்பி."

"எப்போ?"

"தினம் நீங்க ஆபீஸ் போனதும் வருவான். நீங்க வெச்ச வரிசையைப் பிரிச்சு, மேட்டுப் பக்கம் சாய்ச்சு அடுக்கி, பின்னாடி ஜல்லி கொட்டிட்டுப் போவான். மொத வரிசையைப் பள்ளம் தோண்டி மண்ணுக்குள்ள வெச்சுட்டான். அதான் உங்களுக்கு ஆறு வந்துச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"மண்ணும் உள்ள வரக்கூடாது, உங்க மனசும் நோகக்கூடாது. நான் வேற என்ன பண்றது?"

என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். கோபப்பட ஒரு காரணமும் கிடைக்கவில்லையே என்று கோபம் வந்தது. அதற்குள் ஒரு பயம் பிடித்துக்கொண்டது.

"பக்கத்து வீட்டுக்காரருக்கு வாக்குக் கொடுத்துட்டேனே! என் மானம் போயிடுமே!"

அவள் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க பாட்டுக்குக் காலையில போய் அடுக்குங்க. நீங்களும் அவரும் ஆபீஸ் போனதும் தம்பி வருவான். அந்த வீட்டம்மாகிட்ட நேத்தே பேசியாச்சு."