ஒன்றும் தெரியாதவனுக்கு ஒரு வேலை

இந்த முறை வெட்கமே இல்லாமல் பீற்றிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

இருபத்தொரு வருடம் மென்பொருள் எழுதியவன் நான். நான் வேலை பார்த்த கம்பெனியை மூடி ஐந்து மாதமாகிறது. வெளிநாட்டுக் கம்பெனிகளோடு ஆறு நேர்காணல், ஆறும் அவுட். தெஹ்ரானில் வளர்ந்தவனிடம் "நீங்க கெட்டிக்காரராமே?" என்றால், "நான் உங்க காலடித் தூசி" என்றுதான் வாயில் வரும். கேட்டவர் "அப்படிச் சொல்லாதீங்க" என்று மறுக்க வேண்டும். அதுதான் மரியாதை. வெளிநாட்டுக்காரர்கள் மறுப்பதில்லை. 'தூசி' என்று எழுதிக்கொள்கிறார்கள்.

என் மனைவி பரிவாஷ் வீட்டில் இருந்தால் பீற்றல் வராது. அவளைக் கிளப்பத் திட்டம் போட்டேன்.

"உங்க அக்காவைப் பாத்து எவ்வளவு நாளாச்சு! போய்ட்டு வாயேன்."

"நேத்துதானே வந்துட்டுப் போனா?"

"ஒரே நாள்ல மனுஷங்க எவ்வளவு மாறிடுறாங்க!"

"போறேன் பீஜன். பொய் சொன்னா உனக்குக் காது சிவக்கும். கேமராவுல தெரியும், பாத்துக்கோ."

போய்விட்டாள். ஜெர்மனியிலிருந்து என்னை நேர்காண உல்ரிக்கே அம்மையார் திரையில் வந்தார்.

"ஒரு வங்கியோட மொத்த மென்பொருளையும் நீங்களே வடிவமைச்சீங்களாமே?"

நெஞ்சை நிமிர்த்தினேன். "நான் என்னங்க செஞ்சேன்? எல்லாம் பசங்க உழைப்பு."

போச்சு, ஏழாவதும்.

அம்மையார் எழுதவில்லை. "சேச்சே, அப்படிச் சொல்லாதீங்க!" என்றார்.

எனக்குப் புல்லரித்தது.

"நிஜமாவே எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"நீங்க தங்கம்! சொல்லுங்க."

"ஏதோ கொஞ்சம்..."

"உங்க வாயால கேட்கணும்!"

மடை திறந்தது. நாற்பது நிமிடம் பேசினேன். வேலை எனக்கே என்றார்.

"எங்க ஊர் வழக்கம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"விண்ணப்பத்துல பரிந்துரைக்கிறவர்னு ஒரு பேர் இருந்துச்சே, கூப்பிட்டேன். 'நான் அவர் மனைவி, பாராட்ட மாட்டேன். ஆனா மூணு தடவை மறுத்துப் பேசுங்க, அப்புறம் வர்றதுதான் நிஜம்'னாங்க."

விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பியவள் அவள்தான். வங்கியைக் கட்டியவன் நானாம். இவள் என்னையே அல்லவா கட்டி ஓட்டியிருக்கிறாள்! இத்தனை வருடம் யாருடன் குடித்தனம் செய்கிறேன் என்றே தெரியாமல் இருந்திருக்கிறேன்.

சாயங்காலம் அவள் வந்ததும் வாசலிலேயே கண் கலங்கிவிட்டது.

"பரிவாஷ், இந்த வேலை முழுக்க உன்னாலதான் கிடைச்சுது. என் திறமை ஒண்ணுமே இல்ல."

சொல்லிவிட்டு, அவள் மறுப்பதற்காக மரியாதையாகக் காத்திருந்தேன்.

"ஆமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.