வரப்பேறிய விரால்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே என் முதுகைத் தவிர எல்லோரும் நலம். நீயும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள். இதைப் படித்து முடிக்கும்வரை அப்படியே இருங்கள்.

உன் அலுவலகத்தில் என் மகளுக்காகப் பேசி வைத்திருக்கும் வேலையை உடனே உறுதி செய். பந்தயத்தில் நான் ஜெயித்துவிட்டேன். படித்த படிப்புக்கு நாற்காலியில் உட்காராமல், வயலை ஒட்டிக் குளம் வெட்டி நாட்டு விரால் வளர்க்கிறேன் என்று அவள் நின்றபோது, உன் எதிரில்தான் சொன்னேன்: அறுவடைவரை மீன் குளத்தில் நின்றால் நீ இங்கே, இல்லையென்றால் சித்தப்பா வீட்டில். "சரிப்பா" என்றாள்.

நேற்று அவள் மீன்குஞ்சு தேடி வெளியூர் போனாள். விராலுக்குச் சந்தையில் கிராக்கியாம், குஞ்சுதான் கிடைப்பதில்லையாம், இவளைப் போல மீன் வளர்க்கும் பிள்ளைகள் சுற்றுவட்டாரமெல்லாம் குஞ்சுக்கு அலைகிறார்களாம். "அப்பா, குளத்துப் பக்கம் போகாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். என் நிலத்தில், என்னிடமே. போனேன். மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. எனக்கு யாரும் எதையும் சொல்லித்தந்ததில்லை, எல்லாம் நானாகக் கற்றது. மீன் வாயைப் பிளந்தால் தண்ணீரில் காற்று போதவில்லை, புதுத்தண்ணீர் விட வேண்டும். மேலே போட்டிருந்த வலையை ஒரு மூலையில் அவிழ்த்து, குழாயை உள்ளே விட்டு, மோட்டாரைப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன், மழை பிடித்துக்கொண்டது, எழுந்து போய்ப் பார்த்தால் குளம் கரை தளும்பி நிற்கிறது, அவிழ்த்த மூலை வழியாக விரால் ஒவ்வொன்றாகத் துள்ளி, வரப்பேறி, நெளிந்து நெளிந்து நெல்வயலுக்குள் இறங்குகிறது. மீன் தரையில் நடக்குமா தம்பி? இது என்ன நியாயம்?

உன் அண்ணி சோற்றுக் கையோடு ஓடி வந்தாள். "விரால் காத்து குடிக்கத்தான் மேல வரும்னு அவ தலைதலையா அடிச்சுக்கிட்டாளே, காதுல என்ன வச்சிருந்தீங்க?" மகள் வருவதற்குள் பிடித்தாக வேண்டும். இருவரும் சேற்றில் விழுந்து புரண்டோம். என் கையில் சிக்கிய ஒன்று வழுக்கிப் போனது. "விடுங்க, அதுக்காவது தப்பிக்கத் தெரியுது" என்றாள் உன் அண்ணி. பிடிபட்ட சில குளியலறைத் தொட்டியில் கிடக்கின்றன. மீதியை நெல் மறைத்துவிட்டது.

மகள் காலிக் கேனோடு திரும்பி வந்தாள். குஞ்சு கிடைக்கவில்லை. குளத்தைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள்.

"யாருப்பா தண்ணி விட்டது?"

"மழை."

"மழை வந்து மோட்டாரும் போட்டுச்சா?"

"பந்தயத்துல மோட்டாரைப் பத்திப் பேச்சே இல்ல" என்றேன். அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "சரிப்பா. சொன்ன சொல் சொல்தான். சித்தப்பாவுக்கு எழுதுங்க" என்று பெட்டியை இறக்கித் தூசி தட்ட ஆரம்பித்துவிட்டாள். அதிலிருந்து ஜெயித்தவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. மழை விட்டதும் வந்து அவளை அழைத்துக்கொண்டு போ.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும், பெற்றவன் பேச்சைக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத அண்ணன்

பி.கு.: மழை விடாததால் இந்தக் கடிதம் இத்தனை நாளும் என் சட்டைப்பையிலேயே கிடந்தது. இன்று காலை வயல் தண்ணீரை வடிக்க மடை திறக்கப் போனேன். நெல்லுக்கு நடுவே செங்கல் பொடியைத் தூவியது போல ஒரு சிவப்பு, கூட்டமாக நகர்கிறது. அத்தனையும் குஞ்சு. அடியில் தாயும் தகப்பனும் காவல். மகளைக் கூப்பிட்டேன். கிளம்பத்தான் கூப்பிடுகிறேன் என்று பெட்டியோடு வந்தவள் அதைச் சேற்றிலேயே வைத்துவிட்டாள். "அப்பா, மடையைத் தொடாதீங்க." தொடவில்லை. அவள் குளத்தில் முட்டையே இடாத மீன், என் வயலில் குஞ்சு பொரித்திருக்கிறது. கேன் தூக்கிக்கொண்டு ஊர்ப்பட்ட பிள்ளைகள் விசாரிக்க வருகிறார்கள். மோட்டாரைப் போட்டது யார் என்று அவர்களிடம் நானே சொல்லிவருகிறேன். அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. கொக்கு இறங்குவதால் குடையும் கையுமாக வரப்பில் நின்று இதை எழுதுகிறேன். பந்தயத்தைப் பற்றி நீ கேட்பாய். மீன் குளத்தில் நிற்க வேண்டும் என்றுதானே சொன்னேன்? தண்ணீர் நின்றால் வயலும் குளம்தான்.