கருப்பசாமி கிடா விற்பனைக்கு

"தம்பி, விருமாண்டி அண்ணே அருவா தீட்டிக்கிட்டு இருக்காரு. நீங்க தனியாத்தான் இருக்கீகளான்னு கேட்டாரு" என்று சொல்லிவிட்டு, டீயை மேசையில் வைத்தாள் சின்னத்தாய்.

எடுத்த டீயில் பாதி அஸ்வத்தின் சட்டைக்குப் போனது.

"எதுக்குக் கேட்டார்?"

"அத நான் எப்படிக் கேக்க? அருவா அவரு கையில இருக்கு."

கரட்டுப்பட்டிக்கே ஒரு ரூபாய் காசு போட்டுப் பேசும் ஒரே போன் சின்னத்தாயின் டீக்கடையில்தான். போன் யாருக்கு வந்தாலும் சேதியை அவள் தெருவுக்கே சொல்லிவிடுவாள். தாராள மனசு.

அஸ்வத் திருநகர் பையன். "எம்பிள்ளை கம்ப்யூட்டர் உத்தியோகத்துக்குப் போறான்" என்று ஜகதாம்பாள் மாமி தெருவெல்லாம் சொல்லி வந்தபோது அமெரிக்கா என்று நினைத்து வயிறெரிந்தவர்கள் உண்டு. பையன் போனது திருமங்கலம் தாண்டி கரட்டுப்பட்டிக்கு. விவசாயிகள் தரகர் இல்லாமல் இணையத்தில் நேராக விற்க வேண்டும் என்று ஒரு தொண்டு நிறுவனம் அங்கே கம்ப்யூட்டர் வைத்து இவனையும் வைத்தது. இரண்டாயிரத்து நாலாம் வருஷம்.

ஊர்க்காரர்கள் வந்தார்கள், ஃபேன் காற்றுக்கு. ஒரு கத்தரிக்காய்கூட இணையத்தில் ஏறவில்லை.

"துண்டுக்குள்ள வெரலப் பிடிச்சுப் பேசுற யாவாரம் தம்பி இது. வெலைய ஊரு ஒலகத்துக்கே காட்டச் சொல்றீகளே, வெக்கமா இல்ல?" என்றார் ஊர்ப் பெரியவர் மொக்கைச்சாமி.

மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும் அஸ்வத்துக்கு எதையாவது ஏற்றிக் காட்டியாக வேண்டியிருந்தது. கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். கோயில் பக்கம் ஒரு கிடா நின்றது. கறுகறுவென்று கன்றுக்குட்டி உயரம், கழுத்தில் மணி, நெற்றியில் மஞ்சள். யார் கொல்லையில் மேய்ந்தாலும் ஒருவரும் விரட்டவில்லை. இத்தனை செல்லமாக வளர்ந்த ஆட்டுக்கு நல்ல விலை கிடைக்காதா? பக்கத்தில் நின்ற விருமாண்டியோடு சேர்த்துப் படம் எடுத்து, 'விற்பவர் விருமாண்டி' என்று எழுதி, டீக்கடை போன் நம்பரையும் போட்டு ஏற்றிவிட்டான்.

அது கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா. விற்பது இருக்கட்டும், அதை வாய்விட்டு விலை கேட்டாலே சாமி குற்றம். விருமாண்டி அந்தக் கோயில் பூசாரி. மீசையை அவர் தடவினால் எதிரில் நிற்பவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வான். பூசைக்கு முந்தின ராத்திரி கிடா பக்கம் அவர் யாரையும் அண்டவிட மாட்டார். வருஷமெல்லாம் கொழுத்துத் திரியும் அந்தக் கிடா, பூசை நாள் காலையில் பார்த்தால் இளைத்துப் போயிருக்கும். "சாமி ராத்திரியே ருசி பாத்துருச்சு" என்பார் விருமாண்டி. ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

இதெல்லாம் அஸ்வத்துக்குத் தெரிய வந்ததே அன்று காலையில்தான். செல்லூரிலிருந்து யாரோ டீக்கடைக்குப் போன் போட்டு, "கிடா என்ன விலைக்கு முடியும்?" என்று கேட்டுவிட்டார். மறுநாள் பூசை.

படத்தை அழித்துவிட்டால் தீர்ந்தது என்று அஸ்வத் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். லைன் ஆமையாய் நகர்ந்தது. அவசரத்தில் விரல் அழிக்கும் பொத்தானுக்கு அடுத்த பொத்தானில் விழுந்தது. கிடாவின் நெஞ்சுக்குக் குறுக்கே சிவப்பில் வந்து நின்றது: 'விற்றுவிட்டது.'

சற்று நேரத்தில் அதைப் பார்த்த செல்லூர்க்காரர் மறுபடி டீக்கடைக்குப் போன் போட்டார். சின்னத்தாயின் குரல் தெருக்கோடி வரை போனது. "ஏப்பா, சாமி கிடாவ வித்துட்டாகளாம்ப்பா!"

கிடா விற்கவில்லை என்று ஊருக்குக் காட்ட ஒரே வழி, கிடாவையே காட்டுவது. அம்மா கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தைத் திறந்து பிடித்தபடி அஸ்வத் முன்னால் நடந்தான். கிடா மணியாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து கம்ப்யூட்டர் செண்டருக்குள் நுழைந்தது. எதிரில் வந்த மொக்கைச்சாமி அப்படியே திரும்பி ஓடினார்.

"வித்த கிடாவக் கம்ப்யூட்டருக்குள்ள ஏத்துறான்ப்பா!"

தெரு திரண்டுவிட்டது. அஸ்வத் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். தயிர்சாதம் முடித்த கிடா டெலிபோன் வயரைக் கடித்துத் துண்டாக்கியது. அத்தோடு இணையமும் போனது. 'விற்றுவிட்டது' மட்டும் திரையில் உறைந்து நின்றது.

சட்டைப்பையில் செல்போன் அடித்தது. அம்மா.

"சாப்ட்டியாடா?"

"அம்மா, நான் ஒருவேளை ஆத்துக்கு வரலேன்னா..."

"வரலேன்னா மோர்க்குழம்ப ஃப்ரிட்ஜ்ல வெச்சுடறேன். அத மொதல்லயே சொல்லப்படாதோ?" போனை வைத்துவிட்டாள்.

கொல்லைக் கதவு கிரீச்சிட்டது. அதைத் தாழ் போட மறந்துவிட்டான்.

விருமாண்டி நின்றார். கையில் அரிவாள் பளபளத்தது. அஸ்வத் கிடாவின் பின்னால் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டான். காயத்ரி மந்திரம் பாதியில் மறந்துபோனது.

தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பிறகு யாரோ மூச்சிரைத்தார்கள். அஸ்வத் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். விருமாண்டியின் மீசை வியர்வையில் தொங்கிக் கிடந்தது.

"தம்பி, சத்தியமாச் சொல்லுங்க. ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"என்ன சொன்னா?"

"நடிக்காதீக. அந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டிக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

அஸ்வத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெளியே, "கதவ ஒடைங்கப்பா!" என்று ஒரு குரல் எழுந்தது. விருமாண்டி அவனை எழுப்பி, அரிவாளைக் கையில் திணித்துவிட்டுக் காலடியில் உட்கார்ந்தார்.

"நீங்க பிடிங்க. எனக்குக் கை நடுங்குது."

"ஐயோ, நான் வாழைக்காய்கூட நறுக்கினதில்ல!"

அதற்குள் ஜன்னலில் முகங்கள் முளைத்துவிட்டன. அரிவாளோடு கம்ப்யூட்டர் தம்பி, அவன் காலடியில் கும்பிட்டபடி பூசாரி, நடுவில் அசைபோடும் கிடா.

அந்த நேரம் பார்த்து ஒரு மினி லாரி வந்து நின்றது. திருமங்கலத்தில் கறிக்கடை வைத்திருக்கும் முத்திருளன் இறங்கினார். வண்டியில் நோஞ்சானாய் ஒரு கறுப்புக் கிடா, கழுத்தில் மணி, நெற்றியில் மஞ்சள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தவர் குரலில், தலைமுறை யாவாரத்தைப் பறிகொடுத்த தரகனின் அழுகை இருந்தது.

"என்ன பூசாரி, வழியெல்லாம் சொல்றாகளே, இது நியாயமா? வருசா வருசம் கொழுத்தத எங்கிட்டக் குடுத்துட்டு, எளைச்சத மாத்திக்கிட்டுப் போவீக. இந்த வருசம் என்னைய அந்தரத்துல விட்டுட்டு, நேராக் கம்ப்யூட்டர்ல போட்டு வித்துப்புட்டீகளே!"