பக்கத்துக் கடைக்காரருக்கு முதலில் குணமான மூலம்

கோவில்பட்டி,
புதன்கிழமை.

மதிப்பிற்குரிய மைத்துனர் ஹரிஹரசுதன் அவர்களுக்கு, அக்காள் புருஷன் பேச்சிராஜா எழுதுவது. இங்கு நானும் உங்கள் அக்காள் சுகுணாவும் நலம். மிளகாய் வத்தல் கடையும் நலம். என் உடம்பில் ஓரிடம் மட்டும் சில மாதமாக நலமில்லாமல் இருந்தது. சென்னையில் நீங்களும் பிள்ளைகளும் நன்றாக உட்கார்ந்து, நன்றாக எழுந்து, சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். உட்காருவதன் அருமை இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. போனில் சொல்லலாம் என்றால் உங்கள் அக்காள் பக்கத்தில் வந்து நின்றுகொள்வாள். அதனால்தான் கடிதம்.

விஷயம் மூலம். தை மாதம் ஒரு காலையில் ரத்தத்தைப் பார்த்தேன். என் சாப்பாடு உங்களுக்கே தெரியும்: மதியம் காரக்குழம்பு, சாயங்காலம் காரச்சேவு, ராத்திரி புரோட்டாவும் சால்னாவும். தண்ணீர் வாய் கொப்பளிக்க மட்டும். வத்தல் வியாபாரி காரத்தைக் குறைத்தால் சரக்கை யார் மதிப்பார்கள்? உள்ளூரில் காட்டினால் பஜார் முழுக்கத் தெரிந்துவிடும் என்று திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினேன். வழிநெடுக சீட்டு காலியாகும்போதெல்லாம் வேறு யாரையாவது உட்காரவைத்துவிட்டு நின்றுகொண்டே போனேன். கயத்தாறில் ஏறிய ஓர் அம்மாள், "ஒங்கள மாதிரி மனுசன் இந்தக் காலத்துல ஏது?" என்று வாழ்த்தினார்.

ஆஸ்பத்திரியில் அத்தனை நாற்காலியும் காலியாகக் கிடக்க, மூலையில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். யார் தெரியுமா? இருபத்திரண்டு வருஷமாக என் பக்கத்துக் கடையில் அரிசி விற்கும் அப்துல் சுபஹான் பாய்!

"ஒரு சொந்தக்காரர பாக்க வந்தேன் அண்ணாச்சி" என்றார்.

"நானும் அப்படித்தான் பாய்" என்றேன்.

உடனே நர்ஸ் வெளியே வந்து, "மூலத்துக்கு வந்த பேச்சிராஜா, அப்துல் சுபஹான், ரெண்டு பேரும் வாங்க!" என்று கூப்பிட்டார்.

டாக்டரம்மா பூங்கொடி பரிசோதித்துவிட்டு, ஆபரேஷன் இப்போதைக்குத் தேவையில்லை என்று இருவருக்கும் ஒரே மாதிரி தாள் கொடுத்தார். "முக்காம போனாலே பாதி நோய் அடங்கிரும். மைதாவையும் காரத்தையும் குறைங்க. கம்பு, சோளம், கீரை, பயறு, கொய்யா சேருங்க. மெதுவா கூட்டுங்க, தண்ணி நெறைய குடிங்க. உள்ள போயி போனைப் பாத்துக்கிட்டு உக்காராதீங்க. ரத்தம் நிக்கலைன்னா கட்டாயம் வாங்க. எல்லா ரத்தமும் மூலம்னு நாமளா நினைச்சுக்கிடக் கூடாது."

நான் தாளை மடித்துக் கல்லாவில் வைத்தேன். பாய் அதன்படி சாப்பிட்டார் போலிருக்கிறது. மூன்றே வாரத்தில் தன் கடை வாசலில் மர ஸ்டூல் போட்டு, மெத்தைகூட இல்லாமல், கால் மேல் கால் போட்டுப் பேப்பர் படிக்கிறார்! மாப்பிள்ளை, அவர் மாடி கட்டியபோது நான் பொறாமைப்பட்டதில்லை. மகள் தஸ்னீம் இன்ஜினீயர் ஆனபோதும் இல்லை. அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் எனக்கு எரிந்தது. மேலேயும் எரிச்சல், கீழேயும் எரிச்சல். நின்றபடியே வியாபாரம் பார்த்தேன். அவரோடு பேச்சையும் நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் உங்கள் அக்காள், பாயின் மனைவி ஆயிஷாவிடம் கேட்டதையெல்லாம் சொல்வாள். "பாய் அண்ணன் ஏழு நிமிசத்துல வெளிய வந்துருதாவளாம். ஆயிஷா மதினி சொன்னாவ. நீங்க உள்ள போனா நான் இட்லி ஊத்தி, அவிச்சு, அது ஆறியும் போவுது." ஒரு மனுஷனின் காலைக்கடனைக் கடிகாரம் வைத்துப் பார்ப்பது என்ன பழக்கம்?

ஒரே நாளில் பாயை முந்திவிடுவது என்று முடிவு செய்தேன். காலையில் நான்கு சோள தோசை. பதினொரு மணிக்கு ஒரு சட்டி சுண்டல். மதியம் கம்பஞ்சோறும் ஒரு கட்டு முருங்கைக்கீரையும். சாயங்காலம் ஆறு கொய்யா. அதற்கு மேல், மலச்சிக்கலுக்குக் கரைத்துக் குடிக்கும் இசப்கோல் உமி நான்கு கரண்டி. வயிற்றில் இடமில்லாததால் தண்ணீர் குடிக்கவில்லை. மறுநாள் வயிறு மேளம் மாதிரி ஆகிவிட்டது. அதற்கடுத்த நாளும் ஒன்றும் நகரவில்லை. பசுவந்தனையிலிருந்து வத்தல் மூடை கொண்டுவந்த அழகிரிசாமி விலை கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் வயிறு கடமுடவென்று பதில் சொன்னது. "இந்த வெல எனக்குக் கட்டாது அண்ணாச்சி" என்று மூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சற்று நேரத்தில் வலி தாங்காமல் கடையிலேயே சுருண்டு விழுந்தேன்.

கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்தவர் பாய்தான். டிரைவரைத் திருநெல்வேலிக்கு வண்டி எடுக்கச் சொல்லி, அரிசி வேனில் சாக்கு விரித்து என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். அப்போதும் அவர் எவ்வளவு வசதியாக உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் பார்த்தேன்.

"என்ன அண்ணாச்சி, இவ்வளவு நாளு ஒழுங்கா சாப்புட்டுட்டு இப்ப என்ன ஆச்சு?" என்றார்.

"யாரு ஒழுங்கா சாப்புட்டா?"

"நீங்கதான். 'பேச்சிராஜா அண்ணன் புரோட்டாவ விட்டாச்சு, கம்பஞ்சோறுதான் திங்காவ'ன்னு சுகுணா தங்கச்சி சொன்னதா ஆயிஷா தெனமும் என்னைய ஏசுவா. அந்தப் பொறாமையிலதான நான் கம்புக்கு மாறுனேன்!"

வலியோடு சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அக்காளும் மதினியும் சேர்ந்து எங்கள் இருவரையும் இரண்டு பக்கமும் கொளுத்திவிட்டிருக்கிறார்கள். டாக்டரம்மா மருந்து கொடுத்து, "தண்ணி இல்லாம இவ்வளவு நார்ச்சத்தத் தின்னா அடைக்கத்தான் செய்யும். இது பந்தயமா?" என்று திட்டி அனுப்பினார். பிறகு கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டினேன். தண்ணீர்ச் செம்பு கல்லா பக்கத்திலேயே இருக்கிறது. ரத்தம் நின்று ஒரு மாதமாகிறது. இந்தக் கடிதத்தை உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பாயும் நானும் மதியம் ஒன்றாகச் சாப்பிடுகிறோம். பொறாமை என்பது என் மனதில் துளிகூட இல்லை. மனிதனுக்கு மனநிறைவுதான் பெரிது.

உங்களுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். கீரையை ஒதுக்காமல் சாப்பிடச் சொல்லவும்.

இப்படிக்கு,
பேச்சிராஜா

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது வந்த செய்தி. வியாபாரிகள் சங்க ஆண்டுக் கூட்டத்தில் மூல நோய்க்கான உணவுமுறை பற்றி மேடையேறிப் பேச சுபஹானைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். சால்வை வேறு உண்டாம். அவருக்கு முதல் நிலை மூலம்தான், எனக்கு இரண்டாம் நிலை! டாக்டரம்மா கைப்பட எழுதிய சீட்டு என்னிடம் இருக்கிறது. சங்கச் செயலாளர் சுந்தரபாண்டியன் உங்களோடு படித்தவர்தானே? இன்றே பேசி, பாய்க்கு முன்னால் எனக்குப் பதினைந்து நிமிடம் வாங்கித் தரவும். மைக் முன்னால் நின்றுகொண்டே பேச எனக்கு நல்ல பழக்கம் உண்டு என்றும் சொல்லவும்.